மொட்டைக் கடிதாசியும் ஃபேக் ஐடியும்

"66ஏ-வைத் தூக்கினதிலிருந்து பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பே இல்லை."

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு யாரைப் பாதுகாத்தது? எரிச்சலூட்டும், அசௌகரியம் தரும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எது எரிச்சல் என்பது ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. 2012-இல் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கைதானது இதன்கீழ்தான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அந்தரங்கப் படங்களுக்கான 66இ, ஆபாசப் பதிவுக்கான 67, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வதற்கான தண்டனைப் பிரிவு ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

தொடாத அந்தச் சட்டங்கள் என்ன செய்தன என்பதற்குச் சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை சாட்சி. 2016 ஜூனில் அந்த வட்டாரத்து இளம்பெண் ஒருவரின் முகத்தை ஒட்டவைத்த படங்கள் ஃபேஸ்புக்கில் வந்தன. குடும்பம் புகார் கொடுத்தது. விசாரணைக்குக் கைப்பேசி ஒன்று லஞ்சமாகக் கேட்கப்பட்டதாகவும் சொன்னது. படங்கள் மீண்டும் வந்தன. ஜூன் 27 அன்று அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

"ஃபேக் ஐடிக்காரனைப் பிடிக்கவே முடியாது" என்பவர்களுக்கும் இதே வழக்கில் பதில் உண்டு. சாவுக்குப் பிறகு, சில நாட்களில் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

"பேரை மறைக்கிறவன் எல்லாம் அயோக்கியன். ஆதாரைக் கட்டாயமாக்கினால் அடங்கிவிடுவான்."

மொட்டைக் கடிதாசி மிரட்டலுக்கு 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே, 507-ஆம் பிரிவில், கூடுதல் தண்டனை இருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதா 351(4). அங்கே குற்றம் மிரட்டுவது. பெயரை மறைப்பது மட்டுமே குற்றமாகாது. பள்ளிபாளையம் சாயக்கழிவைப் பற்றி எழுதுகிறவரும், சாதி மாறிக் கல்யாணம் செய்பவர்களுக்காகப் பேசுகிறவரும் சொந்தப் பெயரைப் போட ஏன் தயங்குகிறார்கள் என்று நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயரைப் போட்டு எழுதியவருக்கு நடந்ததையும் பார்த்தோம். 'மாதொருபாகன்' நாவலை எழுதிய பெருமாள்முருகனுக்கு அடுக்கடுக்காக மிரட்டல் அழைப்புகள் வந்தன, திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு' நடத்தி, நிபந்தனையற்ற மன்னிப்பில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி? எதன்படியும் இல்லை. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளம்பிள்ளைச் சாவு நடந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எழுத்தாளரை வரவழைக்க ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு இருந்த வேகம், பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெண்ணின் புகாருக்கு இல்லை. புதுச் சட்டம் கேட்கிறவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"கருத்துரிமை என்றால் எதையும் போடலாம்." கிடையாது. ஒட்டவைத்த படம் கருத்து ஆகாது.

இப்போது தொல்லையில் இருப்பவர்களுக்கு: படத்தை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஸ்டேஷனுக்குப் போனால், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வாங்க மறுத்தால் அதே பிரிவின்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு.