கொடிநாளில் ஒரு நாட்பணி

திசம்பர் 7 படைவீரர் கொடிநாள் என்பது நம் கல்லூரியில் அனைவர்க்கும் தெரியும். உண்டியலோடு வரும் மாணவர்களைக் கண்டவுடன் சட்டைப்பையை மூடிக்கொள்வோர்க்கும் தெரியும். போரில் உயிர்நீத்தோர் குடும்பத்தினர்க்கும், உறுப்பிழந்தோர்க்கும், ஓய்வுபெற்ற வீரர்க்கும் நிதி திரட்டுதற்காக 1949-இல் ஏற்பட்ட வழக்கம் இது. கொடியின் சிவப்பு தரைப்படையையும், கருநீலம் கடற்படையையும், இளநீலம் வான்படையையும் குறிக்கும். இத்துடன் என் அறிவு முடிந்திருந்தது.

இம்முறை நாட்டுநலப் பணித் திட்டப் பொறுப்பாசிரியர் எங்கள் எண்மரை அழைத்து, “உண்டியல் மட்டும் போதாது. மறைந்த வீரர் ஒருவர் கல்லறையையும், வாழும் வீரர் ஒருவர் வீட்டையும் பார்த்து வாருங்கள்” என்றார். ஆகவே காலையில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சிக்குப் பேருந்து ஏறினோம்.

உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்த சிறு கோயிலொன்றில் டிலனாய் துயில்கின்றார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக வந்த இவர், 1741-இல் நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்டார். மார்த்தாண்ட வர்மா இவரைத் தம் படையைப் பயிற்றும் பணியில் அமர்த்தினார். பகைவராய் வந்தவர் படைத்தலைவராய் உயர்ந்து, ‘வலிய கப்பித்தான்’ என்று மக்களால் அழைக்கப்பெற்று, 1777-இல் இக்கோட்டையிலேயே மறைந்தார். கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் உள்ளன. தமிழ் எழுத்துகளை நாங்கள் தடவித் தடவிப் படித்தோம். தோற்றவனின் திறமையை மதித்த மன்னனைப் பாராட்டுவதா, சோறிட்ட மண்ணுக்கு உழைத்தவரைப் பாராட்டுவதா என்று எங்களுக்குள் சிறு வழக்கே நடந்தது.

பீரங்கி வார்த்த அக்கோட்டை பிற்காலத்தில் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக மாறியது. படைவீரர் கல்லறையருகே மரநிழலும் பறவையொலியும் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

நண்பகலில் நாங்கள் தேடிச்சென்ற முன்னாள் வீரர், வயல்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். ஊரார் அவரைப் ‘பட்டாளத்துப் பாட்டா’ என்கின்றனர். துப்பாக்கிக் கதைகளை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு அவர் கோவேறு கழுதையின் கதையைச் சொன்னார்! சிக்கிம் மலைகளில் விலங்குப் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றியவராம். வண்டி ஏறாத பாதையில் உணவும் மண்ணெண்ணெயும் தோட்டாவும் கழுதை முதுகில்தான் போகும். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது இவ்விலங்கு. குதிரையின் வலிமையும் கழுதையின் கால்நிதானமும் உடையது. “ரெண்டு பக்கமும் பாரம் ஒத்துக் கெட்டணும் மக்கா. ஒரு பக்கம் கனத்தா முதுகு புண்ணாயிரும். புண்ணு வந்தா அது கழுதைக்க குத்தமில்ல, எனக்க குத்தம்” என்றார். அவற்றிற்குப் பெயரில்லை, குளம்பில் பொறித்த எண்தான். தம் விலங்கின் எண்ணை அவர் தயங்காமல் சொன்னார்.

(பின்னர் நூலகத்தில் தேடியபோது, ‘பெடோங்கி’ என்று பெயரே பெற்ற ஒரு கோவேறு கழுதையைப் பற்றி அறிந்தேன். 1971 போரில் பகைவர் கையில் சிக்கி, அவர்கள் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கியுடன் நம் பக்கம் திரும்பி வந்த அது, 1998-இல் இறந்தது.)

பொன்னாடையை எடுக்கும் வேளையில் பின்புறமிருந்து சிறுவர் கூச்சல் கேட்டது. கைப்பிடிச் சுவரில்லாத பாழுங்கிணற்றில் தெருநாயொன்று விழுந்துவிட்டது. எங்களுள் ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க முனைந்தான். “லேய், ஏறுலே!” என்று பாட்டா போட்ட அதட்டலில் அவன் நடுங்கிப்போனான். பாழுங்கிணற்றில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். முதலில் இறங்கியவனைத் தூக்க இறங்குபவனும் மாள்வான். இது விளையாட்டன்று என்று விளக்கினார். தீயணைப்பு மீட்புப் பணியினர்க்கு 101-இல் சொல்லச் செய்தார். அவர்கள் வருமுன் நாய் மூழ்கிவிடக்கூடாதே! கூடியவர்களை விலக்கி, கூச்சலை அடக்கி, பனையோலைக் கடவம் ஒன்றில் ஈரச்சாக்கு விரித்து, நான்கு பக்கமும் கயிறிட்டு மெல்ல இறக்கினார். இரண்டு முறை நாய் அஞ்சி விலகியது. அவர் திட்டவில்லை; அவசரப்படவுமில்லை. மூன்றாம் முறை முன்கால்களை வைத்து உள்ளே ஏறிச் சுருண்டது.

மேலே வந்ததும் நான் தடவக் கை நீட்டினேன். பாட்டா தட்டிவிட்டார். அஞ்சிய நாய் நன்றி பாராட்டாது, கடிக்கும் என்றார். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஊசி போட்டாக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பயன்படா. எங்கள் வீட்டில் இன்றும் சுண்ணாம்புதான் முதல் மருந்து என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

நாய் குளிரில் வெடவெடத்தது. பாட்டா எங்கள் கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார். “எனக்குத்தானே கொண்டாந்தது?” என்று கேட்டு வாங்கி, அதன் மேல் பின்புறமாகப் போர்த்தினார். இருநூறு ரூபாய் ஆடையாயிற்றே என்று ஒருவன் முணுமுணுத்தது உண்மை. தீயணைப்பு வண்டி வந்தபோது நாய் மூலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கிணற்றின் மேல் பலகையிட உதவிவிட்டுச் சென்றனர்.

விடைபெறும்போது உண்டியலை நீட்டக் கூச்சமாயிருந்தது. அவரே கேட்டு வாங்கி ஐம்பது ரூபாய் போட்டு, கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டார். தக்கலைக்குப் போகும் பேருந்தில் ஏறியபின்தான், அவருடைய கழுதையின் எண்ணைக் குறித்த என் கையேட்டில், அவர் பெயரைக் குறிக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு மீண்டும் போனேன்.