கேபிள் ட்ரேக்கு எர்த் எதற்கு?

கேள்வி: தறிக்கூடத்தில் இரும்புக் கேபிள் ட்ரே போடுகிறோம். அதற்கு எர்த் தேவையில்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கேபிளின் உறை உரசித் தேய்ந்தாலும் ட்ரே முழுக்க மின்சாரம் ஏறிவிடும். தொட்டவர் உயிருக்கே ஆபத்து. எர்த் இருந்தால்தான் பிரேக்கர் உடனே ட்ரிப் ஆகும். ட்ரேயின் மூட்டுகளை போல்ட் போட்டு முடுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். ஆனால் நடுவில் பெயிண்ட் இருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே ஒவ்வொரு மூட்டையும் செம்புப் பட்டையால் இணைத்து, மல்டிமீட்டர் வைத்துத் தொடர்ச்சியை உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043, வயரிங்குக்கு ஐ.எஸ். 732 என்று இந்தியத் தரநிலைகளே இருக்கின்றன.

கேபிள்களைத் திணிக்கவும் விடாதீர்கள். சூடு வெளியேறாவிட்டால் அவை தாங்கும் ஆம்பியர் குறையும். உங்கள் கூடத்தில் பஞ்சுத்தூசி வேறு படியும். ஆகவே ஏணி வடிவ ட்ரேயே நல்லது. சிசிடிவி இருந்தால் அதன் வயருக்குத் தனி ட்ரே போடுங்கள்.