பற்றாக்குறை விகிதமும் பூட்டானின் அனுபவமும்

ஒரு நாடு பிற நாடுகளுடன் கொள்ளும் பண்ட வாணிபம், சேவைகள், வட்டி, இலாபம், ஒருவழி மாற்றங்கள் ஆகியவற்றின் வரவுசெலவே நடப்புக் கணக்கு எனப்படும். செலவு மிஞ்சினால் அது பற்றாக்குறை. அதனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாகக் கூறுவது மரபு. இந்தியாவில் இவ்விகிதம் 2012-13-இல் 4.8 சதவீதத்தை எட்டியபோது பெருங்கவலை எழுந்தது. அதே காலத்தில் பூட்டானில் அது 20 சதவீதத்திற்கும் மேல் இருந்தது.

இவ்வளவு பெரிய பற்றாக்குறையை ஒரு சிறு நாடு எவ்வாறு தாங்கியது? முதலில் நோக்கவேண்டியது உற்பத்தியின் சிற்றளவு. 2012-இல் பூட்டானின் மொத்த உற்பத்தி 10,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 1,200 மெகாவாட் திறனுள்ள புனட்சாங்சூ முதல் நீர்மின் திட்டத்தின் திருத்திய மதிப்பீடோ 9,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஒரே திட்டம் நாட்டின் ஓராண்டு உழைப்பிற்கு ஏறத்தாழ ஈடாகும்போது, அதற்கான இயந்திரங்களும் எஃகும் இறக்குமதியாகும் ஆண்டுகளில் விகிதம் உயராமல் இராது.

அடுத்தது நிதி வரும் வழி. இத்தகைய திட்டங்களுக்கு இந்திய அரசு மானியமும் கடனும் சேர்த்து வழங்கியது. சுக்கா திட்டத்தில் மானியம் 60 சதவீதம். 2019-இல் இயங்கத் தொடங்கிய மாங்தேசூவில் 30 சதவீதமே. இச்சரிவு கவனிக்கத்தக்கது. எனினும் கடன் ரூபாயில் உள்ளது; மின்சாரமும் ரூபாய்க்கே விற்கப்படுகிறது; பூட்டானின் நாணயமான இங்குல்ட்ரம் ரூபாய்க்குச் சரிநிகர் மதிப்புடையது. ஆகவே நாணய மதிப்பு வீழ்ந்து கடன் சுமை பெருகும் அபாயம், டாலரில் கடன்பட்ட நாடுகளோடு ஒப்பிட, மிகக் குறைவு.

ஆயினும் 2012-இல் அங்கு ரூபாய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனைத் திட்ட இறக்குமதியால் மட்டும் விளக்க இயலாது. திட்டச் செலவால் உள்நாட்டில் பணப்புழக்கம் பெருகியது. வங்கிக் கடன் வீடுகளுக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் தாராளமாகப் பாய்ந்தது. அவற்றிற்கான பொருள்கள் இந்தியாவிலிருந்தே வந்தன. இவ்விறக்குமதிக்குத் திட்டக் கடன்போல் உடன்வரும் நிதி ஏதுமில்லை. 2011 டிசம்பரில் பூட்டானின் மைய வங்கி 20 கோடி டாலரை விற்று ரூபாய் வாங்கியும் நெருக்கடி தீரவில்லை. 2012-இல் வாகன இறக்குமதி தடுக்கப்பட்டது. விகிதம் ஒன்றுதான், அதனுள் அடங்கிய பற்றாக்குறைகள் இரண்டு. மொத்த எண்ணை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது.

திட்டப் பற்றாக்குறையும் இடரற்றதன்று. 2013-இல் புனட்சாங்சூ முதல் திட்டத்தின் அணைப்பகுதியில் மலைச்சரிவு நேர்ந்து, பணி பல்லாண்டுகள் தாமதமாயிற்று. மின்சாரம் விற்பனைக்கு வராதபோதும் கடன்மீது வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். இயங்கும் நிலையங்களிலும் பனிக்காலத்தில் ஆற்றுநீர் குறைவதால், மின்சாரம் விற்கும் அந்நாடு அம்மாதங்களில் இந்தியாவிடமிருந்து அதனை வாங்க நேரிடுகிறது.

2022-23-இல் விகிதம் மீண்டும் உயர்ந்து 30 சதவீதத்தைத் தாண்டியது. இம்முறை அதற்குப் பெருங்காரணம் மின்னணு நாணயங்களை உருவாக்கும் கணிப்பொறிகளின் இறக்குமதி. மலிவான நீர்மின்சாரத்தைக் கொண்டு வருவாய் ஈட்டுவதே நோக்கம். ஆகவே இதுவும் முதலீடுதான். ஆனால் இதன் விலை பெரும்பாலும் கையிருப்பு அந்நியச் செலாவணியிலிருந்தே தரப்பட்டது. கையிருப்பு விரைந்து கரைந்தது. ஓராண்டு இன்றியமையா இறக்குமதிக்குப் போதிய செலாவணியை எப்போதும் வைத்திருக்கவேண்டும் என்று பூட்டானின் அரசியல் சட்டமே விதிக்கிறது. 2022 ஆகஸ்டில் வாகன இறக்குமதி மறுபடியும் கட்டுப்படுத்தப்பட்டது.