புதுமைப்பித்தன் கதைகளில் அச்சம்: தாயிழந்த இளமையின் தடம்

முன்னுரை

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கின் வழிப் பிறக்கும் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. புதுமைப்பித்தனோ அச்சத்தை வீட்டிற்குள்ளேயே கண்டார். அதன் வேர்களுள் ஒன்று அவர்தம் இளமையில் உள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் இழப்பும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன், நம் நெய்வேலிக்கு அணித்தேயுள்ள கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்தார். எட்டு வயதில் அன்னையை இழந்தார். தந்தை மறுமணம் புரிந்தார். தந்தையின் அரசுப் பணி காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் மாறிப் பயின்றார். 1918-இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. மாற்றாந்தாயின் அன்பு கிட்டாமையையும் தந்தையோடு நேர்ந்த பிணக்கையும் ரகுநாதன் எழுதிய வரலாற்று நூலில் காணலாம்.

காஞ்சனை

1943-இல் வெளிவந்த ‘காஞ்சனை’யில், எழுத்தாளர் ஒருவரின் மனைவி, பிச்சை கேட்டு வந்த பெண்ணை இரக்கத்தால் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். உறங்கா இரவும் இனம்புரியாத நாற்றமும் கணவரை அலைக்கழிக்கின்றன. வந்தவள் மானிடப் பெண்ணா, பேயா என்பதைக் கதை இறுதிவரை உறுதி செய்வதில்லை. இக்கதையின் களம் சுடுகாடோ பாழ்மண்டபமோ அன்று. குடும்பம் நடத்தும் வீடே களம். தாயின் இடத்தில் வேறொருத்தி நிற்கக் கண்ட சிறுவனுக்கு, நன்கறிந்த வீடே அயல்வீடாகிவிடும். அவ்வுணர்வே இங்குப் பேயுருக் கொண்டது எனக் கருத இடமுண்டு. பேயில் நம்பிக்கை இல்லை, அச்சமோ உண்டு என்னும் பொருள்பட ஆசிரியரே எழுதியுள்ளார். நம்பிக்கையை அறிவு களையலாம். இளமையில் புகுந்த அச்சத்தைக் களைவது அரிது.

சிற்றன்னை

தாயற்ற குழந்தைகளின் நிலையை அவர் நேர்முகமாகவே எழுதிய குறுநாவல் ‘சிற்றன்னை’. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) திரைப்படத்திற்கு வித்தானது இதுவே. தாம் பட்ட துயரைப் பழிதீர்க்கும் கருவியாக்காமல், இளைய மனைவியையும் மனமுள்ள பெண்ணாகவே படைத்தமை அவரது பெருமையாகும்.

முடிவுரை

மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்து, பிறர் இல்லத்தில் வளர்ந்த எட்கர் ஆலன் போவும் அச்சக் கதைகளாலேயே புகழ்பெற்றார். எனினும் தாயை இழந்தோர் அனைவரும் எழுத்தாளர் ஆவதில்லை. துன்பம் கருவைத் தரும். அதனைக் கலையாக்குவது பயிற்சியே. ஆகவே, ஆசிரியனின் வாழ்வைக் கதைக்கு ஒரு விளக்காகக் கொள்க. கதையின் முழுப் பொருளாகக் கொள்ளற்க. வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கடியுமுன் அதன் இல்லத்து நிலையை அன்போடு வினவுதல் நம் கடன். எழுத்தாக மாறாத துயரங்களே உலகில் மிகுதி.