தண்ணீர், கரண்ட், நெல்: கடலூர் மாவட்டத்தின் ஒரே கணக்கு

நம்பிக்கை: நெய்வேலி சுரங்கம் தண்ணீர் இறைத்து விடுகிறது. விவசாயத்துக்கு லாபம்தானே?

உண்மை: அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி என்று போய் வயல்களை விளைய வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பயிருக்காக இறைக்கப்படுவது அல்ல. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் 1961-லிருந்து இரவு பகலாக இறைக்கிறார்கள். ஐப்பசி மழையில் வயல் மூழ்கிக் கிடந்தாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. ஒரு காலத்தில் போர் போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த வட்டாரம் இது. வாய்க்காலில் வருவதை வரவில் எழுதுகிறவர்கள், கிணற்றில் இறங்கியதையும் செலவில் எழுத வேண்டும்.

இழந்த நிலத்தையும் அப்படித்தான் செலவில் எழுத வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காகப் பச்சை நெற்பயிர் மீது பொக்லைன் இறங்கியது. எப்போதோ கையகப்படுத்திய நிலம் என்றது சுரங்க நிர்வாகம். இருக்கட்டும், அறுவடை வரையாவது பொறுத்திருக்கலாம்.

நம்பிக்கை: வீராணம் சென்னையின் குடிநீர் ஏரி.

உண்மை: சோழர்கள் பாசனத்துக்கு வெட்டிய ஏரி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் ஏறத்தாழ 45,000 ஏக்கர் இன்றும் அதை நம்பியிருக்கிறது. சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போனது 2004-ல்தான். விவசாயி, சென்னை இருவரின் பங்கும் பெரும்பாலும் மேட்டூரில் திறக்கும் நீர் கீழணை, வடவாறு வழியாக வருவதைப் பொறுத்தது.

நம்பிக்கை: பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம், அதனால் தண்ணீருக்கும் செலவில்லை.

உண்மை: அந்தக் கரண்டில் ஒரு பங்கு நெய்வேலியில் பிறக்கிறது. நிலக்கரி வெட்ட நிலத்தடி நீரை இறைக்கிறார்கள், நீர்மட்டம் இறங்குகிறது, விவசாயி இன்னும் ஆழமாகப் போர் போட்டு, பெரிய மோட்டாராக இறக்குகிறார், அதற்கு இன்னும் கரண்ட் வேண்டும். இது ஒரு சுழற்சி. கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரத்திலோ அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறிவிடும். பிறகு எந்த மோட்டாராலும் நல்ல தண்ணீர் எடுக்க முடியாது.

நம்பிக்கை: நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும்.

உண்மை: காய்ச்சலும் பாய்ச்சலும் நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி சேற்றுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் வயல் காயக் கூடாது. போர்வெல்லை நம்பிக் குறுவை நடுகிறவர்கள் வரும் பட்டத்தில் ஒரே ஒரு வயலிலாவது இதைச் செய்து பாருங்கள்.