பெரா ஏரிக்கு ஒரு நாள் பயணம்

கோலா சாவாத் தோட்டங்களிலிருந்து சிரம்பான், கோலா பிலா, பகாவ் வழியாகச் சென்றால் பகாங் மாநிலத்திலுள்ள பெரா ஏரியை அடையலாம். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி இதுவாகும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ், 1994-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் தளமாக இது பதிவு பெற்றது. இதன் கரையில் வாழ்வோர் செமெலாய் எனப்படும் பூர்வகுடி மக்கள்.

இந்த நீர்வழி நெகிரி செம்பிலானுக்குப் புதிதன்று. முற்காலத்தில் மூவார் ஆற்றின் வழி வந்த வணிகர், ஜெம்போல் ஆற்றில் ஏறி, பகாவ் வட்டாரத்தில் தங்கள் படகுகளைத் தரைமீது இழுத்துச் சென்று செர்த்திங் ஆற்றில் இறக்கினர். அங்கிருந்து பெரா ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்தனர். படகை இழுத்த அவ்விடத்திற்குப் ‘பெனாரிக்கான்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

செமெலாய் மக்களின் மரபுவழிப் படகு ‘ஜாலூர்’. ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. இருபுறமும் தாழை இனத்தைச் சேர்ந்த ‘ரசாவ்’ புதர்கள் அடர்ந்த குறுகிய நீர்வழிகளில் செல்ல ஏற்றது. இத்தகைய சிறு படகில் செல்வோர் மிதப்பு அங்கி அணிந்து, தாழ அமர்ந்திருத்தல் வேண்டும். எழுந்து நிற்றல் கூடாது.

கரையேறிக் காட்டினுள் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளி அங்குத் தம் தொழிலுக்கு உறவான ஒன்றைக் காண்பார். செமெலாய் மக்கள் வழிவழியாகக் ‘குருயிங்’ மரத்திலிருந்து எண்ணெய் எடுத்து வந்தவர்கள். ரப்பர்ப் பால் பட்டையில் ஊறுகிறது. ஆகவே கத்தி கட்டையில் படாமல் நாம் சீவுகிறோம். குருயிங் எண்ணெயோ கட்டையில் ஊறுவது. ஆகவே அவர்கள் அடிமரத்தில் குழி வெட்டி, அதில் சேரும் எண்ணெயை முகந்தெடுப்பர். பின்னர்க் குழியில் சிறிது நேரம் தீ மூட்டி அணைப்பர். அடைபட்ட ஊற்று மீண்டும் சுரக்கும். சில நாள் கழித்து மறுபடியும் எண்ணெய் சேரும். படகின் இடுக்குகளை அடைக்கவும், தீப்பந்தம் செய்யவும் இவ்வெண்ணெய் பயன்பட்டது. மரத்தைச் சாகவிடாமல் பயன்கொள்ளும் இந்நுட்பம் ஏட்டில் கற்றதன்று. தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்தது. இன்று அவர்களுள் பலர் ரப்பர் மரமும் சீவுகின்றனர்.

ஏரியைச் சூழ்ந்த காட்டின் பெரும்பகுதி இப்போது ரப்பர், செம்பனை நிலமாக மாறிவிட்டது. குருயிங் மரம் வீழும்போது ஒரு மரம் மட்டும் போவதில்லை. அதை அறிந்த கையின் தொழிலும் போகிறது. மரம் போனால் பிழைப்பு என்னாகும் என்பதை, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைக் கண்ட குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அங்குச் செல்வோர் சில முறைகளைக் கடைப்பிடித்தல் நலம். முன்கூட்டியே தெரிவித்து, ஊராரையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்; அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கேளாமல் வீட்டினுள் நுழைவதும், பிள்ளைகளைப் படம் எடுப்பதும் தகாது. நெகிழிப் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காணும் மரங்களின் பெயர்களை அவ்வூர்ப் பெரியவரிடம் கேட்டறியச் சொல்லுங்கள். நம் லயத்து வாசலில் அந்நியர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் விரும்புவோமோ, அவ்வாறே அவர்கள் வாசலில் நாமும் நடந்துகொள்வோம்.