பாடம் 7: வெண்தொப்பியின் மதிப்பு

‘உன் தந்தை என்ன தொழில் செய்கிறார்?’ என்று வகுப்பில் கேட்டால் சில மாணவர் உரத்த குரலில் விடையளிப்பர். சிலர் தலை குனிவர். இட்லி விற்பவர், துணி தேய்ப்பவர், சுமை தூக்குபவர் என்று சொல்ல நாணுவர். அந்நாணம் தேவையற்றது என்பதை மும்பை நகரத் தொழிலாளர் சிலர் நமக்கு உணர்த்துகின்றனர். அவர்களே டப்பாவாலாக்கள்.

மும்பையில் அலுவலகம் செல்வோர் பலர் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவர். அந்நேரத்தில் மதிய உணவு ஆயத்தமாகியிருக்காது. அவ்வுணவைப் பின்னர் வீட்டிலிருந்து பெற்று அலுவலகத்தில் சேர்ப்பதே டப்பாவாலாக்களின் பணி. 1890ஆம் ஆண்டு மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் இதனைத் தொடங்கினார். இவர்களுள் பெரும்பாலோர் புனே வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

காலையில் மிதிவண்டியில் வீடுதோறும் சென்று டப்பாக்களைத் திரட்டுவர். நிலையத்தில் வகைபிரித்து மின்ரயிலில் ஏற்றுவர். இறங்கும் நிலையத்தில் மீண்டும் வகைபிரித்து, உணவு வேளைக்குள் உரியவரிடம் சேர்ப்பர். பிற்பகலில் வெற்று டப்பா வீடு திரும்பும். ஒரே நாளில் ஒரு டப்பா பல கைகள் மாறும். ஆயினும் வழி தவறுவது அரிது. மூடியில் தீட்டப்பட்ட நிறங்களும் எண்களும் எழுத்துகளுமே அதற்குக் காரணம். இறக்க வேண்டிய நிலையம், கட்டடம், மாடி ஆகியவற்றை அவை காட்டும். மிகுதியாகப் பள்ளிக்கல்வி பெறாதவரும் அக்குறிகளைக் கண்டவுடன் படித்துவிடுவர்.

இவர்களின் அடையாளம் வெண்ணிறக் காந்தித் தொப்பி. பணியின்போது அதனை அணியாதவர் அபராதம் செலுத்த வேண்டும். மது அருந்துதலும் கூடாது. இவை அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறிகள். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் பழமொழி. தொப்பியைக் கண்டதும் இல்லத்தார் நம்பி டப்பாவை ஒப்படைக்கின்றனர். ஆனால், அந்நம்பிக்கையைத் தொப்பி மட்டும் பெற்றுத் தரவில்லை. நேற்று வரை உணவு நேரத்திற்குச் சேர்ந்தது. அதனால் இன்று தொப்பிக்கு மதிப்பு. ஒருவர் காலம் தாழ்த்தினால் தொப்பி அணிந்த அனைவருக்கும் இழுக்கு.

2003ஆம் ஆண்டு மும்பை வந்த இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் இவர்களைச் சந்தித்தார். 2005இல் நடந்த அவர் திருமணத்திற்கு இவர்களுள் இருவர் அழைக்கப்பட்டனர். உலகம் இவர்களைப் பாராட்டியது. ஆனால், யாரும் பாராட்டாத நூறாண்டுக் காலத்திலும் டப்பா நேரத்திற்குச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அதுவே உண்மையான தொழிற்பெருமை.

மாணவர்களே! விடியுமுன் எழுந்து இட்லிப் பானையைத் துலக்கும் கைகளிலும், தேய்த்த துணியை மடிப்புக் கலையாமல் சேர்க்கும் கைகளிலும் அதே பெருமை உண்டு. இனி அவ்வினா எழும்போது நிமிர்ந்து நின்று விடை கூறுங்கள்.

சொற்பொருள்
நாணுதல் – வெட்கப்படுதல்
அரிது – எளிதில் நிகழாதது
நெறி – ஒழுங்குமுறை
இழுக்கு – பழி

வினாக்கள்
1. டப்பா வழி தவறாமல் சேர்வது எவ்வாறு?
2. வெண்தொப்பிக்கு மதிப்பு எதனால் வந்தது?
3. ஒருவர் தவறினால் அனைவருக்கும் இழுக்கு என்பதை உம் பள்ளிச் சீருடையோடு ஒப்பிட்டு விளக்குக.

செயல்பாடு
உம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் தொழிலை ஒரு நாள் உடனிருந்து காண்க. அவர் பயன்படுத்தும் கருவிகள், உடுத்தும் உடை, தவறாமல் காக்கும் ஒரு நெறி ஆகியவற்றைப் பத்து வரிகளில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டுக.